ட்ரோனை வைத்து ஆற்று மீனை எண்ணுவது எப்படி

ட்ரோனைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். கரையோரம் முழங்கால் ஆழத்திலேயே தரை தெரியாத அளவுக்குக் கலங்கல் என்றால், அன்றைக்கு வேலையைத் தள்ளிப்போடுவதுதான் சரி. கறுப்பும் வெள்ளையும் பூசிய செக்கி தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று குறித்துக்கொள்வேன். அதைவிட ஆழமான மடுவுக்கு நேராக "பார்க்க முடியவில்லை" என்று எழுதுவேன். அங்கே பூஜ்ஜியம் போட்டால் மீனே இல்லை என்று ஆகிவிடும்.

எல்லா மீனும் இதற்கு ஒத்துவராது. கல்லிடுக்கில் பதுங்குவதும், தரையின் நிறத்திலேயே படுத்திருப்பதும் மேலிருந்து தெரியாது. ஆழமில்லாத தெளிந்த ஓட்டத்துக்கு முட்டையிட வரும் பெரிய மீன்கள்தான் தோது. சாக்கை சால்மன் அந்தப் பருவத்தில் சிவந்துவிடுவதால் பளிச்சென்று தெரியும். பெண் சால்மன் வாலால் கூழாங்கல்லைக் கிளறிப் பள்ளம் பறிக்கும். பாசி படிந்த கற்கள் புரண்டு அந்த இடம் வெளிறித் தெரியும். முடிந்தால் அந்தப் பள்ளங்களை எண்ணுங்கள் என்பேன். மீன் ஓடும், பள்ளம் ஓடாது.

அடுத்தது வெளிச்சம். இந்த வேலையில் பாதி இதுதான். உச்சி வெயிலில் தெளிவாகத் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். சூரியன் தொடுவானத்திலிருந்து 60 பாகை உயரத்தில் இருந்தால், நேர் கீழே பார்க்கும் அகலக் கோணக் கேமராவில் அதன் கண்கூசும் ஒளி படத்துக்குள்ளேயே விழும். 30 முதல் 45 பாகைக்குள் இருக்கும்போது பறக்கவிடுவது என் வழக்கம். தண்ணீர்மேல் பட்டுத் திரும்பும் ஒளியைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் மாட்டினால் போதும் என்பதும் அரை உண்மை. செங்குத்திலிருந்து ஏறத்தாழ 53 பாகை சாய்ந்து பார்க்கும்போதுதான் அது நன்றாக வேலை செய்யும்; நேர் கீழே பார்க்கும்போது பெரிதாக உதவாது. அதனால் கேமராவைச் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் சாய்த்துக்கொள்வேன். காற்று சிற்றலை கிளப்பினால் இந்த ஏற்பாடு எதுவும் பலிக்காது.

உயரத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு பிக்சல் தரையில் எவ்வளவு நீளத்தைக் காட்டும் என்று தெரிய, உயரத்தைக் கேமரா சென்சாரின் அகலத்தால் பெருக்கி, குவிய நீளத்தையும் படத்தின் அகலப் பிக்சல்களையும் பெருக்கி வந்ததால் வகுக்க வேண்டும். 13.2 மி.மீ. சென்சார், 8.8 மி.மீ. குவிய நீளமுள்ள லென்ஸ், 5472 பிக்சல், 30 மீட்டர் உயரம் என்றால் ஒரு பிக்சலுக்குச் சுமார் 8 மி.மீ. அரை மீட்டர் மீன் 60 பிக்சல் நீளம் வரும், தாராளம். நொடிக்கு 3 மீட்டர் வேகம், 1/500 நொடி ஷட்டர் வைத்தால் மங்கல் 6 மி.மீ. தான், ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடும். இன்னும் தாழ இறங்கினால் நிழலுக்கும் சத்தத்துக்கும் மீன் சிதறும். ஓடும் தண்ணீர், தரையைப் பார்த்து ட்ரோனை நிலையாக நிறுத்தும் அடிப்பக்க சென்சாரையும் குழப்பும்.

பறக்க அனுமதி, பேட்டரி, திரும்பி வரும்போது மரங்களுக்கு மேல் போகும் உயரம், இதெல்லாம் வழக்கம்போலத்தான். பருந்து வட்டமிட்டால் மட்டும் யோசிக்காமல் இறக்கிவிடுங்கள்.

ஒரே திசையில் ஒரே தடவை போங்கள். படங்களை ஒட்டி ஒரே வரைபடமாக்கும் மென்பொருளை மீன் எண்ண நான் நம்புவதில்லை. படத்துக்குப் படம் நகர்ந்த மீன் அதில் இரண்டாகும், அல்லது காணாமல் போகும். பள்ளங்களுக்கு அது போதும். மீனுக்கு வீடியோவை மெதுவாக ஓட்டி, கரையில் தெரியும் பாறை, மரம் இவற்றை எல்லையாக வைத்துத் துண்டு துண்டாக எண்ணுங்கள்.

எண்ணுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்கக் கூடாது. முதலாமவர் 48, இரண்டாமவர் 45, இருவரும் குறித்தவை 40 என்றால், 48 × 45 ÷ 40 = 54. இருவர் கண்ணுக்கும் தப்பியவற்றையும் சேர்த்த மதிப்பீடு இது. ஆனால் படத்திலேயே விழாத மீன் இந்தக் கணக்கில் வராது. அதற்கு, மீன் அளவில் வெட்டிச் சாயம் பூசிய பலகைகளை வெவ்வேறு ஆழத்தில் கட்டிவைத்து, எத்தனை வைத்தோம் என்று எண்ணுபவர்களிடம் சொல்லாமல் அதே உயரத்தில் பறந்து பாருங்கள். எந்த ஆழத்தில் எத்தனை தப்புகின்றன என்று கிடைக்கும் விகிதத்தை, அன்றைய செக்கி அளவோடு சேர்த்து எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.