மூன்று பேர், ஒரே மைக்: ஆண்ட்ரூஸ் சகோதரிகள் பாணியில் பாடிப் பழக

நம் ஊரில் சகோதரிகள் சேர்ந்து கச்சேரி செய்தால் இருவரும் ஒரே சுரத்தைத்தான் பிடிப்பார்கள். 1930, 40-களில் ஸ்விங் என்ற துள்ளல் ஜாஸ் கொடிகட்டிப் பறந்த காலத்து அமெரிக்கக் குழுக்களில் அப்படி இல்லை. ஒருத்தி ச பிடித்தால் அதே நொடியில் அடுத்தவள் க, இன்னொருத்தி ப, மெட்டு நகர நகர மூன்றும் ஒட்டிக்கொண்டே நகரும்.

முதல் வேலை, சண்டை வராமல் பங்கு பிரிப்பது. அந்தக் குழுக்களில் ஒன்றான, அமெரிக்காவின் மினியாபொலிஸிலிருந்து வந்த ஆண்ட்ரூஸ் சகோதரிகளில் கடைக்குட்டி பேட்டிக்குத்தான் (நேர்காணல் இல்லை, பெயரே அதுதான்) மெட்டு. மேல்குரல் மேக்சீன், கீழ்க்குரல் மூத்தவர் லவேர்ன். அதாவது மெட்டு நடுவில் உட்கார்ந்திருக்கும். கீழ்க்குரல் கேட்பவர் காதில் தனியாக விழவே விழாது, ஆனால் அது கொஞ்சம் நழுவினால் மொத்தமும் தள்ளாடும். அதனால் உங்களில் காது கூர்மையானவரை அங்கே போடுங்கள், பாட வராதவரை ஒளித்துவைக்கும் இடம் அது இல்லை.

அப்புறம் நான்கே வரி எடுத்துக்கொண்டு மெட்டில்லாமல், தாளத்தோடு வெறும் பேச்சாகச் சொல்லிப் பாருங்கள். மூன்று வாயும் ஒரே அளவு திறக்கிறதா? வரி 'ட்' என்று முடிந்தால் ஒரு 'ட்' கேட்க வேண்டும். பழகாதவர்களிடம் கடுகு வெடிப்பதுபோல மூன்று கேட்கும். நடுவில் நிற்பவர் மூச்சிழுக்கும்போது தோள் லேசாக எழும், அதைப் பார்த்துத்தான் மற்ற இருவரும் எடுக்கவும் விடவும் வேண்டும். குரலை அசைப்பது, கமகம் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

நான்கு எண்ணும் தாளத்தில் 1, 3-ஐ விட்டுவிட்டு 2, 4-இல் கை தட்டுங்கள். நான்கில் ஒவ்வோர் எண்ணையும் சரிபாதியாக வெட்டக் கூடாது. 'தகிட' சொல்லி நடு எழுத்தை விழுங்கினால் 'த..ட' என்று வருகிறதே, அந்த நொண்டல்தான் ஸ்விங்.

நகலடிக்க வெட்கப்படாதீர்கள். ஆண்ட்ரூஸ் சகோதரிகளே நியூ ஆர்லியன்ஸின் மூவர் குழுவான பாஸ்வெல் சகோதரிகளைக் கேட்டுக் கேட்டு அப்படியே பாடிப் பழகியவர்கள்தான்.

பணம் விஷயத்தை மட்டும் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். 1937-இல் டெக்கா என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடிய 'பை மிர் பிஸ்ட் டு ஷேன்', யித்திஷ் என்ற யூதர் மொழிப் பாட்டின் ஆங்கில வடிவம், ஆண்ட்ரூஸ் சகோதரிகளை நாடறியச் செய்தது, கைக்கு வந்ததோ மொத்தமே 50 டாலர், விற்பனையில் பங்கு (ராயல்டி) கிடையாது என்பார்கள். 1950-களில் பேட்டி தனியாகப் பாடப் போய்விட்டார், 1956-இல்தான் திரும்பச் சேர்ந்தார்கள். கூடப் பிறந்தவர்களுக்கே இந்தக் கதி!

சரி, கடைசியாக ஒலிப்பதிவு. ஒரே ஃபோனை நடுவில் வைத்து மூவரும் நெருங்கி நின்று பாடுங்கள். ஒரு குரல் தூக்கலாகக் கேட்டால் செயலியில் எதையும் திருகாமல் அவரை அரையடி பின்னால் நகரச் சொல்லிவிட்டு மறுபடி பாடுங்கள்.