கோர்ட்டுக்கு சும்மா பாக்கப் போறீங்களா? இந்தத் தப்பையெல்லாம் பண்ணாதீங்க

கேஸ் எதுவும் இல்ல, வக்கீலும் இல்ல, சாட்சியும் இல்ல, சும்மா போயி கோர்ட்டுல உக்காந்து என்ன நடக்குதுன்னு பாக்கலாமான்னு கேட்டா நம்மாளுங்க பாதிப்பேர் "நமக்கெதுக்குப்பா வம்பு"ன்னு ஒதுங்கிடுவாங்க. மிச்சப்பேர் சினிமா தியேட்டருக்குப் போற மாதிரி போயி, அரை மணி நேரத்துல போரடிச்சு வெளிய வந்து, டீக்கடையில "ஒண்ணுமே நடக்கல"ன்னு சொல்லுவாங்க. ரெண்டுமே தப்பு. எங்க சித்தப்பாவோட நிலத்தகராறு கேஸுக்குத் துணைக்குப் போக ஆரம்பிச்சவன் நான். அந்த கேஸ் முடிஞ்சும் எனக்கு அந்தப் பழக்கம் விடல, லீவு நாள்ல வேலை ஏதும் இல்லைன்னா போயி கடைசி பெஞ்சுல உக்காந்துருவேன். அங்க நான் பண்ணின தப்பும் அடுத்தவங்க பண்ணி நான் பாத்த தப்பும்தான் கீழ இருக்கு.

முதல் தப்பு பயம். நீங்க உள்ள வர்றதுக்கு யார்கிட்டயும் கெஞ்ச வேண்டியதில்ல, அது சட்டத்துலயே இருக்கு. கிரிமினல் கோர்ட்டுக்குப் பழைய சிஆர்பிசியில (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 327வது பிரிவு, இப்ப அதுக்குப் பதிலா 2024 ஜூலை 1லருந்து அமலுக்கு வந்த பிஎன்எஸ்எஸ்ல 366. சிவில் கோர்ட்டுக்கு சிபிசியில (சிவில் நடைமுறைச் சட்டம்) 153பி. விசாரணை நடக்குற இடம் திறந்த கோர்ட்டு, அந்த எடம் கொள்ற அளவுக்குப் பொதுமக்கள் வரலாம்னு சொல்லுது. 1966லயே மிராஜ்கர் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டோட ஒன்பது நீதிபதிங்க பெஞ்ச், விசாரணைன்னா பொதுவா எல்லார் முன்னாடியும்தான் நடக்கணும், தேவைப்பட்டா மட்டும் மூடிக்கலாம்னு சொல்லிருச்சு. அதனால எவனாவது வாசல்ல நின்னுகிட்டு "உள்ள விடணும்னா ஏதாவது குடு"ன்னு கேட்டா குடுக்காதீங்க, பாக்குறதுக்குக் கட்டணம் கிடையாது. "எடம் கொள்ற அளவுக்கு"ங்கறதையும் மறந்துடாதீங்க, நம்ம ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டுல சில அறை பத்துக்குப் பத்து பெட்டிக்கடை மாதிரிதான் இருக்கும், ரிமாண்டுக்குக் கொண்டு வந்த ஆளு, எஸ்கார்ட் போலீசு, வக்கீலுங்க, ஜாமீன்தாரருங்கன்னு நெரிஞ்சுகிட்டு நிப்பாங்க, அங்க போயி நான் பொதுமக்கள் எனக்கு உரிமை இருக்குன்னு மல்லுக்கட்டக்கூடாது, அடுத்த கோர்ட்டுக்கு நடையைக் கட்டணும்.

இந்த பயத்துக்குக் கூடப் பொறந்தது ஒண்ணு இருக்கு, கதவுகிட்டயே நிக்கிறது. உள்ளயும் வராம வெளியவும் போகாம நிலைப்படியில சாஞ்சுகிட்டு எட்டிப் பாக்குறது. டவாலி, அதாவது கோர்ட் ஊழியர், கேஸ்காரங்க பேரைச் சத்தம் போட்டுக் கூப்பிடுறது அந்த வாசல்லருந்துதான். மூணு தடவை கூப்பிட்டும் ஆள் வரலைன்னா வாரண்ட் வரைக்கும் போகும், அந்த நேரத்துல நீங்க வழியை மறிச்சுகிட்டு நின்னா அவர் வாயில என்ன வரும்னு நான் சொல்லத் தேவையில்ல. உள்ள வாங்க, கடைசி வரிசையில சுவரோரமா உக்காருங்க, அவ்வளவுதான்.

அப்புறம் டிரெஸ். நான் முதல் தடவை தனியா போனப்ப மரியாதையா இருக்கட்டுமேன்னு வெள்ளைச் சட்டையும் கறுப்பு பேண்ட்டும் போட்டுகிட்டுப் போனேன், போயி காலியா இருந்த நாற்காலியில, அதுவும் முன்னாடி, உக்காந்தேன். ரெண்டு நிமிஷத்துல பக்கத்துல இருந்த பெரியவர் "எந்த சீனியர் ஆபீஸு தம்பி?"ன்னு கேட்டாரு. எனக்கு ஒண்ணும் புரியல, "சும்மா பாக்க வந்தேன் சார்"னு சொன்னேன். அவர் கோபப்படல, சிரிச்சுட்டு கட்டைவிரலை மட்டும் பின்னாடி காட்டினாரு. நான் எந்திரிச்சுப் போறதுக்குள்ள முன்னாடி இருந்த ஆறேழு வக்கீலுங்களும் திரும்பிப் பாத்தாச்சு. அந்த மேஜையைச் சுத்தி இருக்குற நாற்காலியெல்லாம் வக்கீலுங்களுக்கு, வெள்ளையும் கறுப்பும் அவங்க யூனிஃபார்ம். நீங்க கலர் சட்டையோ புடவையோ சுடிதாரோ வேட்டியோ எது வேணா போடுங்க, வேட்டியை மடிச்சுக் கட்டிகிட்டு மட்டும் உள்ள போகாதீங்க, தொப்பி கூலிங்கிளாஸ் கழட்டிருங்க.

உள்ள உக்காந்த பிறகு டபேதார், அதாவது ஜட்ஜுக்கு உதவியா நிக்கிற ஊழியர், அவர் பார்வை உங்க மேல இருக்கும். கால்மேல கால் போட்டா வந்து தொடையைத் தட்டிட்டுப் போவாரு, எந்தச் சட்டத்துல இருக்குன்னு கேக்காதீங்க, எங்கயும் இல்ல, ஆனா எறக்கிருங்க. ஜட்ஜ் வரும்போதும் எந்திரிச்சுப் போகும்போதும் எல்லாரும் நிப்பாங்க, நீங்களும் நில்லுங்க. பெரிய கோர்ட்டுல வராண்டாவுலயே செங்கோல் புடிச்சுகிட்டு ஒருத்தர் முன்னாடி வர பின்னாடி ஜட்ஜ் நடந்து வர்றதைப் பாக்கலாம், ஓரமா ஒதுங்கி நின்னா போதும், போயி வணக்கம் வச்சு "ஐயா என் கேஸு"ன்னு ஆரம்பிச்சுடாதீங்க.

செல்போன். இதுலதான் அதிகம் பேர் மாட்டுறாங்க. சைலன்ட்ல போட்டா போதும்னு நெனைக்கிறாங்க, ஆனா கையில செங்குத்தா புடிச்சுகிட்டு வாட்ஸப் பாத்தாலே ரெக்கார்ட் பண்றீங்கன்னுதான் தோணும், மேடையிலருந்து பாக்குற ஜட்ஜுக்கு உங்க ஸ்க்ரீன் தெரியாது, போனோட முதுகு மட்டும்தான் தெரியும். பாக்கெட்ல வைங்க, முடிஞ்சா ஆஃப் பண்ணுங்க. போட்டோ, வீடியோ, ஆடியோ எதுவும் கூடாது. போனைப் புடுங்கி வச்சா சாயங்காலம் வரைக்கும் பெஞ்ச் கிளார்க் மேஜையில கெடக்கும், அதுக்கு மேல போச்சுன்னா கோர்ட் அவமதிப்பு. 1971 சட்டப்படி அதுக்கு அதிகபட்சம் ஆறு மாசம் வெறுங்காவல், ரெண்டாயிரம் ரூபா அபராதம். குறிப்பு எடுக்கணும்னா சின்ன நோட்டும் பேனாவும் கொண்டு போங்க, அமைதியா எழுதினா பொதுவா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, டபேதார் கேட்டா காட்டுங்க.

வீட்டுல இருந்து பாக்குறவங்களுக்கும் இதேதான். சுப்ரீம் கோர்ட் 2022 செப்டம்பர் 27லருந்து அரசியல் சாசன பெஞ்ச் விசாரணையை லைவ்ல காட்டுது, தாராளமா பாருங்க, அதை வெட்டி மியூசிக் போட்டு ரீல்ஸ் ஆக்காதீங்க. வீடியோ கான்ஃபரன்ஸ் லிங்க் கையில கெடைச்சுட்டா அது யூட்யூப் இல்ல, நீங்க கோர்ட்டுக்குள்ள இருக்குறதாதான் அர்த்தம். 2025ல குஜராத் ஹைகோர்ட் ஆன்லைன் ஹியரிங்ல ஒருத்தர் டாய்லெட்ல உக்காந்துகிட்டே ஆஜரானது நாடு பூரா சுத்துச்சே, அவரு மேல கோர்ட்டே அவமதிப்பு நடவடிக்கை எடுத்துச்சு.

சரி, எந்த கோர்ட்டுக்குப் போறது? முதல் தடவை போறவங்க நேரா சென்னை ஹைகோர்ட்டுக்குத்தான் போவாங்க. கட்டடத்துக்காகப் போனா சரிதான், 1892ல தொறந்தது, செவப்புச் செங்கல்லும் கலர் கண்ணாடியுமா இருக்கும், 1914ல முதல் உலகப்போர்ல ஜெர்மன்காரங்களோட எம்டன் கப்பல் குண்டு போட்டது அந்தக் காம்பவுண்டுலயும்தான் விழுந்துச்சு. (ஒரு விஷயம் சொல்றேன், அங்க வருஷத்துல ஒரு நாள் எல்லா கேட்டையும் பூட்டிருவாங்க, உள்ள புகுந்து போற வழியை எவனும் எங்க பாத்தியதைன்னு சொல்லிடக்கூடாதுன்னு. கோர்ட்டு எல்லாருக்கும், வழி மட்டும் அவங்களுக்கு!) ஐடி கார்டு இல்லாம போகாதீங்க, 2015லருந்து சிஐஎஸ்எஃப்ங்கற மத்தியப் படையோட காவல், பை செக்கிங் எல்லாம் உண்டு. ஆனா விசாரணை பாக்கணும்னு போனா ஏமாந்துருவீங்க. அங்க பெரும்பாலும் சாட்சி வர்றதில்ல, கூண்டு இல்ல, ரெண்டு வக்கீல் பேப்பர் புக்கை (கேஸ் பேப்பரையெல்லாம் சேத்துக் கட்டினது) புரட்டி இங்கிலீஷ்ல பக்க நம்பர் சொல்லிக்குவாங்க, மூணு நிமிஷத்துல "நோட்டீஸ்"னு ஒரு வார்த்தை வரும், அடுத்த ஐட்டம் போயிரும். மனுஷங்க பேசுறதைக் கேக்கணும்னா உங்க ஊரு செஷன்ஸ் கோர்ட்டுக்கோ முன்சீப் கோர்ட்டுக்கோ போங்க, அங்கதான் சாட்சி விசாரணை, அதுவும் தமிழ்ல.

அங்கயும் நேரம் தெரிஞ்சு போகணும். காலைல பத்தரைக்கு ஜட்ஜ் உக்காந்ததும் முதல்ல நடக்குறது கால் ஒர்க், அதாவது அன்னைக்கு லிஸ்ட்ல இருக்குற கேஸையெல்லாம் வரிசையா கூப்பிட்டு வாய்தா போடுறது. "317 சார்"னு ஒரு குரல் வந்துகிட்டே இருக்கும், குற்றம் சாட்டப்பட்டவர் இன்னைக்கு வரல மன்னிச்சுடுங்கங்கற மனு அது, புதுச் சட்டத்துல அது 355 ஆயிருச்சு ஆனா வாய் பழகினது 317தான். இதைப் பாத்துட்டுத்தான் ஆளுங்க பதினொன்றரைக்கு எந்திரிச்சுப் போயிடுறாங்க. அதுக்கப்புறம்தான் பாஸ் ஓவர் ஆன, அதாவது அப்புறம் பாக்கலாம்னு தள்ளி வச்ச கேஸெல்லாம் திரும்பக் கூப்பிடுவாங்க, சாட்சி ஏறுவாரு, சீஃப் (கூப்பிட்ட தரப்பு வக்கீல் கேக்குறது) முடியும், கிராஸ் (எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்குக் கேள்வி கேக்குறது) ஆரம்பிக்கும். முந்தின நாளே இகோர்ட்ஸ் ஆப்ல அந்தக் கோர்ட்டோட காஸ் லிஸ்ட்டை (அன்னைக்கு வர்ற கேஸோட பட்டியல்) பாத்துட்டு எந்தக் கேஸ் சாட்சி விசாரணையில நிக்குதுன்னு குறிச்சுக்கோங்க. மே மாசம் சிவில் கோர்ட்டுக்குப் போயிடாதீங்க, கோடை விடுமுறை, பூட்டுதான் பாக்கலாம்.

கிராஸ் நடக்கும்போது ஒரு தப்பு, இதைப் பண்றவங்களுக்கே பண்றோம்னு தெரியாது. ஒரு அடிதடி கேஸ்ல நான் நேர்ல பாத்தது. கூண்டுல ஒரு வயசான அம்மா, எதிர்த்தரப்பு வக்கீல் "சம்பவம் நடந்தப்ப தெருவிளக்கு எரியலைன்னு சொன்னா சரிதானே"ன்னு கேக்குறாரு. அந்தம்மா யோசிக்குது. எனக்கு முன்னாடி வரிசையில உக்காந்திருந்த ஒருத்தர், கேஸுக்கு சம்பந்தமே இல்லாத ஆளுன்னு அப்புறமாத்தான் தெரிஞ்சுது, சீரியல் பாக்குற மாதிரி ஒன்றிப்போயி "இல்ல இல்ல"ன்னு தலையை ஆட்டுறாரு. அந்தம்மா கண்ணு அவர் மேல விழுந்துச்சு, "எரிஞ்சுதுங்க"ன்னு சொல்லுச்சு. வக்கீல் சட்டுன்னு திரும்பி, "சாட்சிக்கு சொல்லிக்கொடுக்கிறாங்க யுவர் ஆனர்"னு கத்த, அஞ்சு நிமிஷம் எல்லாம் நின்னுபோச்சு. ஆளை எழுப்பி யாரு, என்ன, எந்த ஊருன்னு விசாரிச்சு வெளிய அனுப்புனாங்க. அவருக்கு ஆனது அவ்வளவுதான், ஆனா அந்தம்மா உண்மையத்தான் சொல்லிருந்தாலும் அந்தப் பதில் மேல ஒரு கறை விழுந்துருச்சு. மூஞ்சியைக் கல்லு மாதிரி வச்சுக்கோங்க. சிரிக்காதீங்க, உச்சுக்கொட்டாதீங்க. சங்கிலி போட்டுக் கூட்டிட்டு வந்த ஆளுகிட்ட பேச்சுக் குடுக்காதீங்க, பிஸ்கட் பாக்கெட் நீட்டாதீங்க.

உங்களுக்குத் தெரிஞ்சவங்க கேஸா? நீங்களே பின்னாடி சாட்சியா வர வாய்ப்பு இருக்கா? அப்ப உள்ளயே போகாதீங்க. இன்னும் விசாரிக்காத சாட்சி அடுத்த சாட்சி சொல்றதைக் கேக்கக்கூடாதுன்னு வெளிய நிக்க வைப்பாங்க, நீங்க உள்ள உக்காந்திருந்தது தெரிஞ்சா நாளைக்கு உங்க சாட்சியத்தைப் போட்டு அதை வச்சே கிழிப்பாங்க.

எல்லா கோர்ட்டும் திறந்த கோர்ட்டு இல்ல. பாலியல் வன்கொடுமை வழக்கு, போக்சோ (குழந்தைங்க மேல நடக்குற பாலியல் குற்றம்) வழக்கு எல்லாம் இன் கேமரா. எனக்கு ரொம்ப நாளா இன் கேமரான்னா கேமரா வச்சு எடுக்குறதுன்னுதான் நெனப்பு, அது மூடின அறைக்குள்ள நடத்துறது. குடும்ப நல கோர்ட்டுலயும் அதேபோல மூடி நடத்தலாம், அடுத்தவன் வீட்டுச் சண்டையை ஒக்காந்து கேக்கணும்னு என்ன இருக்கு, அந்தப் பக்கம் போகாம இருக்குறதே நல்லது. "வெளிய இருங்க"ன்னு சொன்னா ஏன்னு கேக்காம எந்திரிங்க.

வெளிய வந்த பிறகு பண்ற தப்பு தனி. ஜட்ஜ் வாய்மொழியா ஒரு கேள்வி கேட்டிருப்பாரு, "இதை எப்படிங்க அனுமதிக்கிறது?"ன்னு. அதை "கோர்ட் தடை போட்டுருச்சு"ன்னு குரூப்ல தட்டி விட்டுருவாங்க. நோட்டீஸ் அனுப்பச் சொன்னா கேஸ்ல ஜெயிச்சதா அர்த்தமில்ல, எதிர்த்தரப்பும் வந்து பதில் சொல்லட்டும்னுதான் அர்த்தம். இடைக்காலத் தடைன்னா அடுத்த வாய்தா வரைக்குமோ மறு உத்தரவு வரைக்குமோதான். சில ஜட்ஜுங்க ரெண்டு தரப்பையும் மாறி மாறிக் கிண்டுவாங்க, காலைல ஒரு பக்கம் சாயற மாதிரி இருக்கும், மதியம் வேற மாதிரி இருக்கும், கையெழுத்துப் போட்டு வர்ற உத்தரவுல என்ன இருக்கோ அதான் கணக்கு. எழுதணும்னா அது வெப்சைட்ல ஏறினதும் படிச்சுட்டு எழுதுங்க. பாலியல் வழக்குல பாதிக்கப்பட்டவங்க பேரு காதுல விழுந்தா அங்கயே விட்டுட்டு வந்துருங்க, பேரை வெளியிட்டா பிஎன்எஸ் (பழைய ஐபிசிக்குப் பதிலா வந்த தண்டனைச் சட்டம்) 72வது பிரிவுல ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், ஊரு, ஸ்கூலுன்னு அடையாளம் தெரியற மாதிரி எழுதினாலும் அதேதான்.

இன்னொண்ணு, "ஆர்டர் ஆர்டர்"னு சுத்தியல் தட்டுறதையும் கீதை மேல கைவச்சு சத்தியம் பண்றதையும் எதிர்பாத்துப் போகாதீங்க. சுத்தியலே கிடையாது. சத்தியப்பிரமாணம் வாயாலதான், அந்தக் கிளார்க் சொல்ற வேகத்துல சாட்சி பாதியை முழுங்கிடுவாரு.

கெளம்புறப்பவும் ஒரு முறை இருக்கு. சாட்சி வாயைத் திறந்திருக்கும்போது எந்திரிக்காதீங்க. ஒரு கேஸ் முடிஞ்சு அடுத்த கேஸ் கட்டு மேஜைக்குப் போற அந்த இடைவெளியில எந்திரிச்சு, மேடையைப் பாத்து லேசா தலையைக் குனிஞ்சுட்டு, செருப்புச் சத்தம் வராம பின்வாசல் வழியா வாங்க. சில கோர்ட்டுல அந்த அரைக்கதவு ஸ்பிரிங் போட்டது, விட்டுட்டா டமார்னு அடிக்கும், அதனால கையில புடிச்சுகிட்டே மெதுவா சாத்துங்க.