டி-மொபைல் 5ஜி பெட்டியோடு சொந்த ரவுட்டரைச் சேர்க்க

அமெரிக்காவில் அபார்ட்மெண்ட் எடுத்ததும் டி-மொபைல் 5ஜி ஹோம் இன்டர்நெட் வாங்கினால், ஆள் வந்து கேபிள் இழுக்கக் காத்திருக்க வேண்டாம், ஆண்டு ஒப்பந்தமும் கிடையாது, டவர் சிக்னலைப் பிடித்து வைஃபையாக மாற்றும், அவர்கள் தரும் கேட்வே பெட்டியைக் கரண்டில் சொருகினால் நெட் வந்துவிடும். ஆனால் டவர் சிக்னல் நன்றாகக் கிடைப்பது ஜன்னலோரம், நீங்கள் உட்கார்ந்து வேலை பார்ப்பதோ உள்ளறையில், நடுவில் இரண்டு சுவர். சொந்த ரவுட்டர் இதற்குத்தான்: கேட்வேயை ஜன்னலிலேயே விட்டுவிட்டு வைஃபையை மட்டும் வீட்டின் நடுவுக்குக் கொண்டுவரலாம்.

எவ்வளவு விலையுள்ள ரவுட்டராலும் டவரிலிருந்து வரும் வேகத்தைக் கூட்ட முடியாது. மாலையில் டவரில் நெரிசல் கூடினால் போன் வாடிக்கையாளர்களுக்கு முதலிடம், ஹோம் இன்டர்நெட் பின்னால் போகும், அவர்கள் விதியிலேயே இது இருக்கிறது. அதனால் வாங்குவதற்கு முன் லேப்டாப்பைக் கேட்வேயோடு நேரடியாகக் கேபிளில் இணைத்து வேகம் பாருங்கள். அங்கேயே குறைவு என்றால் பெட்டியை வேறு ஜன்னலுக்கு மாற்றுங்கள். வெப்பத்தைத் தடுக்கும் மெல்லிய உலோகப் பூச்சுள்ள கண்ணாடி சிக்னலையும் தடுக்கும்.

சரி, இணைப்பு. கேட்வேயின் ஈதர்நெட் போர்ட்டிலிருந்து ஒரு கேட் 6 கேபிள், மறுமுனை உங்கள் ரவுட்டரில் 'இன்டர்நெட்' என்று எழுதியிருக்கும் போர்ட்டில். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாது என்பதால் தட்டையான கேபிளை வாங்கிச் சுவரோரமாக ஓட்டிவிடுங்கள். கேட்வே 192.168.12 என்று தொடங்கும் முகவரிகளைத் தரும், கடையில் வாங்கும் ரவுட்டர்கள் பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1 வரிசை, ஆகவே மோதாது. கேட்வேயின் வைஃபை பெயரை மறைத்துவிடுங்கள், இல்லையென்றால் போன் தானாக அதற்கே தாவும்.

இந்தப் பெட்டியில் பிரிட்ஜ் மோடு (முகவரி கொடுக்கும் வேலையைச் சொந்த ரவுட்டரிடமே விட்டுவிடும் வசதி) இல்லை, அதனால் டபுள் நேட், அதாவது இரண்டு பெட்டிகளிலும் முகவரி மாற்றம் நடப்பது, வரும் என்று பலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். டி-மொபைல் ஏற்கனவே பல வீடுகளை ஒரே பொது ஐபி முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது, போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டுக் கருவி ஒன்றுக்குத் திருப்பிவிடுவது) எப்படியும் நடக்காது, நீங்கள் இன்னொரு அடுக்கைச் சேர்ப்பதால் பெரிதாக எதையும் இழப்பதில்லை. ஊருக்குப் போடும் வாட்ஸ்அப் கால், போனில் பார்க்கும் கேமரா எல்லாம் அப்படியே ஓடும். வெளியிலிருந்து வீட்டுக் கணினியைத் தொட வேண்டுமென்றால் டெயில்ஸ்கேல் என்ற செயலி போதும். ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்டாக, அதாவது வைஃபையை மட்டும் பரப்பும் கருவியாக, மாற்றுவதும் ஒரு வழிதான், ஆனால் டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) மாற்றுவது, அறைத்தோழர்களின் விருந்தினருக்குத் தனி வைஃபை கொடுப்பது போன்றவற்றில் கை கட்டப்படும். அதனால் ரவுட்டர் மோடிலேயே வைத்திருங்கள் என்பதுதான் என் பரிந்துரை.

ஆபீஸ் வி.பி.என். இணைந்த பிறகும் சில பக்கங்கள் மட்டும் திறக்காமல் தொங்கினால், ரவுட்டரில் எம்.டி.யு. அளவை (ஒரு பாக்கெட், அதாவது ஒரு தரவுத் துண்டு, அதிகபட்சம் எத்தனை பைட் இருக்கலாம் என்பது) 1500-இலிருந்து 1400-க்குக் குறைத்துப் பாருங்கள். இந்த நெட்வொர்க்கில் பழைய முகவரி முறையான ஐபிவி4 பாக்கெட்டுகள் புதிய முறையான ஐபிவி6-ஆக மாறிப் பயணிக்கும்போது ஒவ்வொன்றின் தலைப்பும் 20 பைட் பெரிதாகிறது, முழு அளவில் வரும் பாக்கெட் அங்கே சிக்கிக்கொள்ளும்.

அப்புறம், ஊரில் ஃபைபர் கம்பெனி கொடுத்த பெட்டியைத் தூக்கி வராதீர்கள், அது பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் ஃபைபருக்கென்றே பூட்டப்பட்டது. கடையில் வாங்கிய சாதாரண ரவுட்டர் என்றால் கொண்டுவரலாம். அடாப்டரில் 100-240 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள், அமெரிக்கப் பிளக்குக்கு ஒரு மாற்றி போதும். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் 12, 13 வேண்டாம், இங்குள்ள பல கருவிகளுக்கு அவை தெரியாது. 1, 6, 11 மூன்றில் ஒன்றை வையுங்கள்.

வீடு மாறும்போது புது முகவரியில் சேவை உண்டா என்று முதலில் கேட்டுவிட்டுக் கேட்வேயை எடுத்துச் செல்லுங்கள், இணைப்பு முகவரியோடு கட்டப்பட்டது. உங்கள் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் ரவுட்டரில் இருப்பதால் டிவி, பிரிண்டர் எதையும் மறுபடி இணைக்க வேண்டாம். சேவையை ரத்து செய்தால் கேட்வேயை அடாப்டரோடு திருப்பி அனுப்பி, அனுப்பிய ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.