பிரான்ஸில் கார் பயணம்: சாலை அடைத்திருந்தால் எப்படிச் சமாளிப்பது?

பிரான்ஸில் முதல்முறை கார் ஓட்டப் போகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் சாலையின் வலப்பக்கம் ஓட்டுவதைப் பற்றித்தான். அது அரை நாளில் பழகிவிடும். ஆளைத் திணறடிப்பது வேறு. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு மஞ்சள் பலகை எதிரே நிற்கும். போன் ஒன்று சொல்லும், பலகை இன்னொன்று சொல்லும், பின்னால் நாலு கார் காத்துக்கொண்டிருக்கும்.

கந்தால் மாவட்டத்தில் ஒரு ரவுண்டானாவில் எனக்கு அப்படித்தான் ஆனது. "மச்சான், போன் நேரா போகச் சொல்லுது" என்றான் பக்கத்தில் இருந்தவன். பலகையில் சாலை 4 கிலோமீட்டரில் அடைப்பு என்று தெளிவாக இருந்தது. நான் போனை நம்பினேன். சரியாக 4 கிலோமீட்டரில் சிவப்பு வெள்ளைத் தடுப்பு, அதற்குப் பின்னால் தார் உருளை, அதன் மேல் ஒருவர். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆள்காட்டி விரலை மட்டும் இடமும் வலமும் ஆட்டினார். ஒருபக்கம் வாய்க்கால் இருந்த குறுகலான சாலையில் முன்னும் பின்னுமாக ஐந்து முறை எடுத்து வண்டியைத் திருப்பி, வந்த வழியே ரவுண்டானாவுக்குப் போனோம். அன்றிலிருந்து என் விதி ஒன்றுதான்: பலகை முதலில், போன் அப்புறம்.

படி 1: நாளைப் பார்த்துக் கிளம்புங்கள்

பாதி நெரிசலை வீட்டில் உட்கார்ந்தபடியே தவிர்த்துவிடலாம். பிரெஞ்சு அரசின் போக்குவரத்துத் தகவல் சேவைக்கு 'பிஸோன் ஃப்யூத்தே' என்று பெயர். தந்திரக்காரக் காட்டெருமை என்று பொருள். 1975 ஆகஸ்ட் தொடக்கத்தில் நாடே ஒரே நாளில் விடுமுறைக்குக் கிளம்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குச் சாலைகள் திணறிப்போயின. அதற்கு மறு ஆண்டு, 1976இல், இந்தச் சேவை வந்தது. அவர்களுடைய இணையதளத்தில் ஆண்டு முழுவதுக்கும் நாள்காட்டி இருக்கும். பச்சை என்றால் வழக்கமான நாள், ஆரஞ்சு என்றால் சிரமம், சிவப்பு என்றால் பெரும் சிரமம், கறுப்பு என்றால் வீட்டிலேயே இருங்கள். கிளம்புவோருக்கும் திரும்புவோருக்கும் தனித்தனி நிறம் உண்டு. நீங்கள் போகும் திசைக்கு எது பொருந்தும் என்று பாருங்கள்.

ஜூலை கடைசி, ஆகஸ்ட் முதல் வாரச் சனிக்கிழமைகள்தான் மிக மோசம். ஜூலை விடுமுறைக்காரர்கள் வீடு திரும்ப, ஆகஸ்ட்காரர்கள் அதே நாளில் கிளம்புவார்கள். லியோனிலிருந்து தெற்கே போகும் ஏ7 நெடுஞ்சாலை அன்று நகராது. பிப்ரவரி, மார்ச் பள்ளி விடுமுறையில் இதே கதை ஆல்ப்ஸ் பக்கம் நடக்கும், ஏ43இல். விடுமுறை வாடகை வீடுகள் பெரும்பாலும் சனிக்கிழமைதான் கைமாறும், அதனால்தான் இத்தனை கூட்டம். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை போங்கள். 7.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு லாரிகள் சனி இரவு 10 மணியிலிருந்து ஞாயிறு இரவு 10 மணி வரை பொதுவாக ஓடக்கூடாது. லாரி இல்லாத ஏ7 வேறு சாலை மாதிரி இருக்கும்.

படி 2: ஊர்ப் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள்

பழைய காலத்து வேலையாகத் தோன்றும். ஆனால் பிரெஞ்சுப் பலகைகள் வடக்கு, தெற்கு என்று திசை சொல்வதில்லை, ஊர்ப் பெயரைத்தான் சொல்கின்றன. மாற்றுப்பாதையில் நாலு கிராமம் சுற்றி ஒரு ரவுண்டானாவுக்கு வந்து சேரும்போது, அடுத்த பெரிய ஊர் எது என்று தெரியாவிட்டால் பலகை இருந்தும் பயனில்லை.

பாரிஸிலிருந்து மத்தியதரைக் கடலுக்கு ஏ10, ஏ71, ஏ75 வழியாகப் போவதாக வைத்துக்கொள்வோம். ஓர்லெயான், பூர்ஜ், கிளேர்மோன் ஃபெரான், மியோ, பெசியே என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் சாலை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன எச்சரிக்கை: இதே ஏ75இல் தெற்கே போனால் கிளேர்மோன் லெரோ என்று இன்னொரு கிளேர்மோன் வரும். முதல் பாதிப் பெயரை மட்டும் பார்த்து வண்டியைத் திருப்பிவிடாதீர்கள்.

ஏ75 எனக்குப் பிடித்த சாலை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மியோ பாலத்தைத் தவிர மற்ற இடங்களில் கட்டணம் கிடையாது. 2004இல் அந்தப் பாலம் திறக்கும்வரை கோடைக்கால நெரிசலுக்குப் பேர்போன ஊர் மியோ. இப்போது அந்த நெரிசல் இருந்த பள்ளத்தாக்குக்கு மேலே, காற்றில் மிதப்பதுபோலக் கடந்துபோகிறோம்.

படி 3: நிறங்களைப் பழகிக்கொள்ளுங்கள்

மொழி தெரியாவிட்டாலும் நிறம் தெரிந்தால் போதும். நீலப் பலகை கட்டண நெடுஞ்சாலை போன்ற பெரிய சாலைகளுக்கு. பச்சை, முக்கிய ஊர்களை இணைக்கும் சாலைகளுக்கு. வெள்ளை, உள்ளூருக்கு. மஞ்சள் என்றால் தற்காலிகம்: வேலை நடக்கிறது, அடைப்பு, மாற்றுப்பாதை. இதில் ஒரு குழப்பம் உண்டு. 'டி' எழுத்தில் தொடங்கும் மாவட்டச் சாலைகளின் எண்களும் சின்ன மஞ்சள் பட்டையில்தான் இருக்கும். முழுப் பலகையும் மஞ்சளாக இருந்தால்தான் அது நமக்கான செய்தி.

மஞ்சளில் கறுப்பு எழுத்தில் வரும் சொற்களில் மூன்றை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். 'தெவியாசியோன்' என்றால் மாற்றுப்பாதை. 'ரூத் பாரே' என்றால் சாலை அடைப்பு. 'ஃபேன் த தெவியாசியோன்' என்றால் மாற்றுப்பாதை முடிந்தது. இந்தச் சொற்களைப் படமாகப் போனில் சேமித்துவைத்தால் எழுத்து வடிவம் கண்ணுக்குப் பழகும்.

பச்சைப் பலகையில் 'பிஸ்' என்று சாய்வெழுத்தில் வந்தால் அது வேறு சமாச்சாரம். அங்கே அடைப்பு எதுவும் இல்லை. கூட்டமான நெடுஞ்சாலைக்குப் பதிலாக நீங்கள் விரும்பினால் போகலாம் என்று காட்டும் இரண்டாம் வழி. நம் ஊரில் கதவு எண் 12க்குப் பக்கத்தில் 12ஏ இருப்பதுபோல அங்கே 12 பிஸ் இருக்கும், அதே சொல்தான். நேரம் கொஞ்சம் கூடும், ஆனால் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஏதாவது இருக்கும்.

படி 4: மஞ்சள் அம்பைப் பின்தொடருங்கள்

பலகையை முழுதாகப் படியுங்கள். 'ரூத் பாரே' என்ற சொல்லுக்குக் கீழே தூரம் போட்டிருந்தால், அடைப்பு அத்தனை தூரத்தில்தான் இருக்கிறது. உங்கள் தங்குமிடம் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டால் தாராளமாக உள்ளே போகலாம். 'பே எல்' என்ற இரண்டு எழுத்து, அதாவது 'பி'யும் 'எல்'லும், சேர்ந்திருந்தால் அந்த மாற்றுப்பாதை லாரிகளுக்கு மட்டும். சின்னக் காரை வைத்துக்கொண்டு லாரிகளின் பின்னால் நீண்ட சுற்றுச் சுற்றியவர்களில் நானும் ஒருவன்.

அம்பைப் பின்தொடர ஆரம்பித்த பிறகு ஒரு சந்திப்பில் மஞ்சள் எதுவுமே இல்லை என்றால் பதறாதீர்கள். பலகை இல்லாத சந்திப்பில் நேராகப் போவதுதான் வழக்கம். ரவுண்டானாவில் சந்தேகம் வந்தால் இன்னொரு சுற்றுச் சுற்றுங்கள். உள்ளே இருப்பவருக்கே முன்னுரிமை என்பதால் யாரும் உங்களைத் தள்ளமாட்டார்கள். கிராமத்து நடுவில் 'தூத் திரெக்சியோன்' என்று வந்தால் எல்லாத் திசைகளுக்கும் அந்த வழிதான். 'ஓத்ர் திரெக்சியோன்' என்றால் அங்கே பெயர் எழுதாத மற்ற ஊர்களுக்கெல்லாம் அந்த வழி.

மாற்றுப்பாதை உங்களைக் கிராமங்களுக்குள் இழுத்துக்கொண்டு போகும். அங்கே இரண்டு விஷயம் கவனம். ஊர்ப் பெயர்ப் பலகை, சிவப்பு விளிம்புடன் வெள்ளையில், வந்த நொடியிலிருந்து வேகம் 50தான். எண் எழுதியிருக்க வேண்டும் என்றில்லை. அதே பெயரைக் குறுக்கே அடித்த பலகை வரும்வரை அப்படித்தான். இரண்டாவது, வலப்பக்கச் சந்திலிருந்து வருபவருக்கு முன்னுரிமை. சந்து எவ்வளவு குறுகலாக இருந்தாலும், வருவது டிராக்டராக இருந்தாலும், வேறு குறியீடு இல்லாவிட்டால் நீங்கள்தான் நிற்க வேண்டும். மஞ்சள் வைரம் வரைந்த பலகையைப் பார்த்தால் முன்னுரிமை உங்களுக்கு.

வேலை நடக்கும் இடத்தில் ஒருபக்கம் மாற்றி ஒருபக்கம் விடும் தற்காலிக விளக்கு இருக்கும். பலவற்றில் பச்சையே கிடையாது. சிவப்பு போய் மஞ்சள் சிமிட்டினால் பார்த்துப் போகலாம் என்று அர்த்தம். முதல்முறை நான் பச்சைக்காகக் காத்திருந்தேன். பின்னால் இருந்தவர்கள் ஹாரன் மூலம் பாடம் நடத்தினார்கள்.

படி 5: நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால்

நெரிசலுக்கு பிரெஞ்சில் 'பூஷோன்' என்று பெயர். பாட்டில் மூடும் கார்க்குக்கும் அதே சொல். லியோனில் மட்டும் அது ஒரு வகை உணவகத்தையும் குறிக்கும். ஃபூர்வியே சுரங்கப்பாதை வாசலில் மின்பலகை 'பூஷோன்' என்று காட்டினால் சாப்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். லியோனில் உங்களுக்கு வேலை இல்லாவிட்டால் நகரத்துக்குள் போகாமல் கிழக்கே ஏ46 வழியாகச் சுற்றுங்கள்.

வானொலியை 107.7இல் வையுங்கள். நெடுஞ்சாலைகளில் போக்குவரத்துச் செய்தி அந்த அலைவரிசையில்தான் வரும். மொழி புரியாவிட்டாலும் சாலை எண்ணும் ஊர்ப் பெயரும் காதில் விழும். முன்னால் வண்டிகள் நிற்பது தெரிந்ததும் நான்கு விளக்கையும் சிமிட்டவிட்டு வேகத்தைக் குறையுங்கள். வரிசையின் கடைசி வண்டி இதைச் செய்ய வேண்டும் என்பது சட்டம். இடதுகோடி இரண்டு வரிசைகளுக்கு நடுவே மோட்டார் சைக்கிள்கள் வரும். 2025 ஜனவரியிலிருந்து அது சட்டப்படியே சரி, கொஞ்சம் ஒதுங்கி இடம் கொடுங்கள்.

நெடுஞ்சாலையையே மூடிவிட்டால் எல்லோரையும் ஏதாவது ஒரு வெளிவழியில் இறக்குவார்கள். அங்கே 'எஸ்' எழுத்தும் ஒரு எண்ணும் போட்ட பலகை கண்ணில் படும். ஆண்டு முழுவதும் அங்கேயே நிற்கும் பலகைதான். சாலை மூடும் நாளில்தான் அதற்கு வேலை. அதே எண்ணைப் பிடித்துக்கொண்டே போனால், அடுத்த நுழைவாயிலில் உங்களை நெடுஞ்சாலையில் மீண்டும் ஏற்றிவிடும்.

கட்டணச் சாவடிச் சீட்டைத் தொலைக்காதீர்கள். சீட்டு இல்லாவிட்டால் மிக நீண்ட தூரத்துக்கான கட்டணத்தைக் கேட்பார்கள். ஆரஞ்சு நிற 't'யை ஒத்த குறி மட்டும் உள்ள வழி, நம்மூர் ஃபாஸ்டேக் போலத் தானாகக் கட்டணம் கழிக்கும் அட்டையைக் காரில் வைத்திருப்பவர்களுக்கு. நமக்குப் பச்சை அம்பு. அப்புறம், சாவடியே இல்லாத கட்டணச் சாலைகளும் வந்துவிட்டன. ஏ71இலிருந்து மோன்மரோவில் பிரியும் ஏ79, பாரிஸுக்கும் நார்மண்டிக்கும் நடுவே ஏ13, ஏ14. கேமரா எண்பலகையைப் படம் பிடித்துக்கொள்ளும், 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் நாமே கட்ட வேண்டும். நெரிசலுக்குப் பயந்து போன் புதுவழி காட்டும்போது இந்தச் சாலைகளில் தெரியாமலே ஏறிவிடுவோம், அபராதக் கடிதம் வந்தபிறகுதான் தெரியும்.

வண்டி பழுதானால் எல்லோரும் ஒளிரும் சட்டையோடு தடுப்புக்கு அந்தப்பக்கம் போய்விடுங்கள். சட்டை டிக்கியில் இருக்கக் கூடாது, கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பல நெடுஞ்சாலைகளில் ஆரஞ்சு நிற உதவித் தொலைபேசி 2 கிலோமீட்டருக்கு ஒன்று உண்டு, இல்லாவிட்டால் அவசர எண் 112.

படி 6: போன் அறியாத அடைப்புகள்

வாரச் சந்தை நாளில் கிராமத்து நடுச்சதுக்கம் காலையில் மூடியிருக்கும், மதியத்துக்குமேல் திறந்துவிடும். காத்திருந்து பாலாடைக்கட்டி வாங்குவது சுற்றுவதைவிட நல்லது. ஜூலையில் டூர் த ஃபிரான்ஸ் சைக்கிள் போட்டி போகும் சாலைகள் வீரர்கள் வருவதற்குப் பல மணி நேரம் முன்பே அடைபடும். அன்றைய பாதையை முந்தைய இரவே பார்த்துவிடுங்கள். மலைக் கணவாய்களின் அடிவாரத்தில் திறப்பா மூடலா என்று பலகை இருக்கும். 2,642 மீட்டர் உயரத்தில் உள்ள கலிபியே கணவாய் மே மாதக் கடைசிவரைகூடப் பனியால் மூடியிருப்பது வழக்கம்.

விவசாயிகள் போராட்டம் இன்னொரு வகை. டிராக்டர்களை வரிசையாக மெதுவாக ஓட்டிப் போவதை அவர்களே 'நத்தை நடவடிக்கை' என்கிறார்கள். 2024 ஜனவரியில் துலூஸுக்குத் தெற்கே ஏ64ஐ வைக்கோல் கட்டுகளால் மறித்தார்கள், அப்புறம் அது பாரிஸைச் சுற்றியும் பரவியது. அந்த மாதிரி நாளில் வழி தேடிப் பயனில்லை, ஒரு நாள் தள்ளிப் போடுங்கள்.

படி 7: தாமதமாகும் என்றே கிளம்புங்கள்

அரை டாங்க் பெட்ரோலுக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கிராமத்து பங்க்கில் ஆள் இருக்கமாட்டார், அட்டை மட்டும் வேலை செய்யும். சின்ன ஊர் உணவகங்களில் மதியச் சமையல் 12இலிருந்து 2 மணிவரைதான். அந்தத் தார் உருளைக்காரர் விரலாட்டிய அன்று நாங்கள் ஊர் போய்ச் சேரும்போது 2:20. அடுப்பை அணைத்துவிட்டோம் என்று பணிவாகச் சொன்னார்கள். அதனால் காலையிலேயே ஒரு நீள ரொட்டி வாங்கிப் பின்சீட்டில் போட்டுவிடுவேன்.

தங்குமிடத்துக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். சின்ன விடுதிகளில் ராத்திரி வரவேற்பறையில் யாரும் இருக்கமாட்டார்கள், வாசல் கதவுக்கு ரகசிய எண் இருக்கும். தாமதம் என்று தெரிந்தவுடனேயே அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, ஊர்ப் பெயர்கள் எழுதிய அதே தாளின் கீழே குறித்துக்கொள்ளுங்கள்.