வாசலில் கொட்டிய பனியை யார் வழிப்பது? ரொறன்ரோவில் முதற் குளிர்காலத்தைக் காண்பவர்களுக்கு

ஆடி, ஆவணியில் ரொறன்ரோவுக்கு வந்திறங்கும் நம்மவர்களுக்கு உறவினர்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது, எந்தக் கடையில் தடித்த ஜக்கற் மலிவு, எந்தச் சப்பாத்து வழுக்காது என்பவற்றைத்தான். பனி கொட்டி ஓய்ந்த மறுநாட் காலையில் வீதி, நடைபாதை, வீட்டு வாசல் ஆகிய மூன்றையும் யார் யார் வழிக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் ஒருவரும் சொல்வதில்லை. அதை நாம் நடுங்கிக்கொண்டுதான் படிக்கிறோம். அந்தப் படிப்பைச் சற்று முன்கூட்டியே முடித்துக்கொள்ள விரும்புபவர்களுக்காக, ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் பல குளிர்காலங்களைக் கழித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பனி கொட்டத் தொடங்கியதும் முதலில் வெளிக்கிடுபவை உப்பு லொறிகள். வழிக்கும் வண்டிகள் அவற்றுக்குப் பின்னரே வரும். அவையும் எல்லா வீதிக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை. கார்டினர், டொன் வலி போன்ற விரைவுச்சாலைகள் முதலிலும், ஃபின்ச், ஷெப்பர்ட், மார்க்கம் றோட் போன்ற பெருவீதிகள் அடுத்ததாகவும், நீங்கள் குடியிருக்கும் ஒழுங்கை கடைசியிலும் வழிக்கப்படும். குடியிருப்பு வீதிகளுக்கு மாநகரசபை வைத்திருக்கும் அளவு 8 சென்ரிமீற்றர். ஆகவே 5 சென்ரிமீற்றர் பனி மட்டும் விழுந்த நாளில் உங்கள் வீதிக்கு வண்டி வரவில்லை என்றால், உங்களை மறந்துவிட்டார்கள் என்பது பொருளன்று. அன்றைக்கு வரும் திட்டமே இல்லை. பெரும்புயல் என்றால் பனி நின்ற பின்னரும் அரை நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டி வரும். வண்டிகள் எங்கே ஓடுகின்றன என்பதை மாநகரசபையின் இணைய வரைபடத்தில் பார்க்கலாம். முறைப்பாட்டுக்கு 311 என்ற இலக்கம் இருக்கிறது. ஆனால் பனி நின்ற உடனேயே அழைத்துப் பயனில்லை. 401 நெடுஞ்சாலை மாகாண அரசின் பொறுப்பு. தொடர்மாடிகளிலும் ரவுண்ஹவுஸ் வளாகங்களிலும் உள்ளே இருக்கும் வழிகள் அந்தந்த நிர்வாகத்தின் பொறுப்பு. அங்கே குடியிருப்பவர்கள் 311 ஐ அழைத்தால், நிர்வாகத்தைக் கேளுங்கள் என்ற பதில்தான் கிடைக்கும்.

வழிப்பதும் அகற்றுவதும் இந்நகரில் இரண்டு வேறு வேலைகள் என்பதையும் தெரிந்திருப்பது நல்லது. வழிக்கும் வண்டி பனியை எங்கும் கொண்டுபோவதில்லை. வீதியின் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் போகிறது. ஓரத்தில் குவிந்தது இடத்தை அடைத்து, நடப்பவர்களும் பேருந்துகளும் திண்டாடத் தொடங்கினால்தான், அதை லொறியில் அள்ளிச் சென்று குறித்த வெளிகளில் கொட்டும் அகற்றல் வேலை தொடங்கும். அது மெதுவாக நடப்பது, செலவும் மிகுந்தது. 2025 பெப்ரவரியில் இரண்டு வாரத்துக்குள் அடுத்தடுத்துப் பனி கொட்டி 50 சென்ரிமீற்றரைத் தாண்டியபோது, அகற்றல் வேலை வாரக்கணக்கில் நீண்டது. 1999 ஜனவரியில் அப்போதைய மேயர் மெல் லாஸ்ற்மன் இராணுவத்தையே உதவிக்கு அழைத்தார். அதைச் சொல்லி மற்ற மாகாணத்தவர்கள் ரொறன்ரோக்காரரை இன்றும் கேலி செய்வார்கள். வெயில் வந்தால் கரைந்துவிடும் என்று எண்ணுபவர்கள் இங்கே ஜனவரி வெயிலுக்கு வெளிச்சம் மட்டுமே உண்டு, சூடு கிடையாது என்பதை விரைவில் அறிவார்கள்.

இனி வாசலுக்கு வருவோம். என் முதற் குளிர்காலத்தில், வேலைக்குப் போவதற்கு முன் விடிகாலையிலேயே எழும்பி, வீட்டுக்கு முன் கார் விடும் டிரைவேயில் கிடந்த பனி முழுவதையும் தரை தெரியச் சவலால் தள்ளி முடித்தேன். உள்ளே போய்த் தேநீர் குடித்துவிட்டு உடுப்பு மாற்றி வருவதற்குள், நீல விளக்கு மின்ன வழிக்கும் வண்டி ஒன்று வீதியால் போயிருந்தது. என் டிரைவேயின் வாயில், முழங்காலளவுக்கு ஒரு வரம்பு. நான் தள்ளியது பஞ்சு, அது கல். சாம்பல் நிறத்தில், தேங்காய் அளவுக் கட்டிகளாக, உப்பும் சேறும் கலந்து இறுகிக் கிடந்தது. வண்டியின் அலகு பனியை வலப்பக்கம் ஒதுக்கும்போது, இடைவெளி எங்கே கிடைக்கிறதோ அங்கே அது விழும். அப்போது தெருவிலே இருந்த ஒரே இடைவெளி நான் துப்புரவாக்கி வைத்த வாசல்தான். இதில் எவர் மீதும் குற்றமில்லை.

ஸ்காபரோ போன்ற பகுதிகளில், வீதியை வழித்த பிறகு அந்த வரம்பில் ஒரு கார் போகுமளவுக்கு வாய் திறந்துவிடும் சேவையை மாநகரசபை நடத்துகிறது. பழைய ரொறன்ரோவின் நெருக்கமான வீதிகளில் அது இல்லை. சேவை இருக்கும் இடத்திலும் அது உடனே வந்துவிடாது. வந்தாலும் தரை தெரியும்வரை வழிக்காது. ஆகவே அவசரமில்லாத நாளில் வண்டி போகும்வரை வாசலின் கடைசி ஓரத்தை விட்டுவையுங்கள். அவசரமான நாளுக்கு ஓர் உபாயம் உண்டு. பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர், நான் படும் பாட்டைச் சில நாள் வேடிக்கை பார்த்த பிறகு சொல்லித்தந்தது. வீதியைப் பார்த்து நின்றால், இங்கே வண்டிகள் வலப்பக்கமாக ஓடுவதால், உங்கள் பக்கத்தில் வழிக்கும் வண்டி இடமிருந்து வலமாகத்தான் போகும். ஆகவே நீங்கள் அள்ளும் பனியை உங்கள் வலக்கைப் பக்கம் குவியுங்கள். வாசலுக்குச் சற்று இடப்புறமாக வீதியோரத்தில் ஒரு பள்ளம்போல வழித்து வைத்தால், அலகில் வரும் சுமையின் ஒரு பகுதி வாசலுக்கு வருமுன் அதில் கொட்டிப் போகும். முழுவதும் தப்பமுடியாது, ஆனால் முழங்காலளவு கணுக்காலளவாகக் குறையும்.

அள்ளிய பனியை வீதிக்கு எறிவது சட்டப்படி குற்றம். எதிர்வீட்டார் எறிகிறார் என்பதைப் பார்த்து நாமும் எறியத் தேவையில்லை. தீயணைப்பு நீர்க்குழாய் உங்கள் வாசலில் இருந்தால் அதன் மேல் குவிக்காதீர்கள். நடைபாதைகளைப் பெரும்பாலான இடங்களில் மாநகரசபையின் சிறு வண்டிகளே வழிக்கின்றன. வண்டி நுழைய முடியாத இடங்களில், பனி நின்ற 12 மணிநேரத்துக்குள் வீட்டின் முன்னுள்ள நடைபாதையைத் துப்புரவாக்குவது வீட்டுக்காரரின் கடமை.

வீட்டுக்காரர் என்றேன். புதிதாக வருபவர்களில் அநேகர் இருப்பது நிலக்கீழ் வீட்டில். அங்கே பனி தள்ளும் வேலை யாருடையது என்பதில்தான் மனக்கசப்பு வருகிறது. பக்கவாசற் படிகளும் அதற்குப் போகும் வழியும் பொதுவழியாக இருந்தால், ஒன்ராறியோ வாடகைச் சட்டத்தின்படி அவற்றில் பனியை அகற்றுவது வீட்டுச் சொந்தக்காரரின் பொறுப்பு. வாடகை ஒப்பந்தத்தில் “குடியிருப்பவரே பனி தள்ளவேண்டும்” என்று ஒரு வரி எழுதிவிட்டால் மட்டும் அப்பொறுப்பு கைமாறிவிடாது என்று ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009 இல் தீர்ப்பளித்திருக்கிறது. அதுவும் ஒரு நிலக்கீழ் வீட்டில் குடியிருந்தவர் வழுக்கி விழுந்த வழக்கே. குடியிருப்பவர் அந்த வேலையை ஏற்பதென்றால், அது ஊதியமோ வாடகைக் கழிவோ கொண்ட தனி உடன்பாடாக இருக்கவேண்டும். மேல்வீட்டில் இருப்பவர் அண்ணை முறையாகவோ ஊர்க்காரராகவோ இருந்து, ஒரு நாள் நீங்களும் சவலைத் தூக்கினால் அது நல்லுறவு. அதை யாரும் தடுக்கவில்லை. கடமை என்று சொல்லிக் கேட்டால்தான் விதி இன்னது என்று நீங்கள் அறிந்திருக்கவேண்டும்.

வீதியில் கார் விடுபவர்களுக்கு ஒன்று. வேறு அறிவிப்பு இல்லாத ரொறன்ரோ வீதிகளில் எப்போதும் 3 மணிநேரமே நிறுத்தலாம். பெரும்பனிப்புயல் நிலை அறிவிக்கப்பட்டால், பனி வழித்தடம் என்று பலகை போட்ட வீதிகளில் 72 மணிநேரத்துக்கு நிறுத்தவே கூடாது. தண்டப்பணத்தோடு இழுத்துச் செல்லும் கூலியும் சேரும். மார்க்கம் போன்ற அயல் நகரங்களில் விதிகள் வேறு. அங்கே இரவில் வீதியில் கார் விடுவதே பிழை.

பனி தள்ளுவது இலகுவான வேலை என்று எண்ணவேண்டாம். 6 மீற்றர் நீளமும் 3 மீற்றர் அகலமும் கொண்ட டிரைவேயில் 20 சென்ரிமீற்றர் புதுப்பனி கிடந்தால், கனமீற்றருக்கு 100 கிலோ என்று வைத்தாலும் 360 கிலோ வருகிறது. ஈரப்பனி அதைவிடப் பல மடங்கு பாரம். தூக்கி எறியாமல் தள்ளிக்கொண்டே போங்கள். பனி நிற்கும்வரை காத்திராமல் இடையில் ஒருமுறை தள்ளுங்கள். இருதய வருத்தம் உள்ளவர்களும், வருடம் முழுவதும் கதிரையில் இருந்து வேலை செய்து உடல் பழகாதவர்களும், மானத்துக்கு அஞ்சிச் சவலைத் தூக்கவேண்டியதில்லை. காசு வாங்கித் தள்ளிவிட ஆட்கள் இருக்கிறார்கள். உப்பை அளவாகப் போடுங்கள். குளிர் -10 பாகைக்குக் கீழே போகப்போக அதன் வேலை மந்தமாகும்; கடுங்குளிரில் மணல் தூவினால் பிடிப்பாவது கிடைக்கும். வீட்டின் பக்கச் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைக் குழாய் பெரும்பாலும் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸின் புகைபோக்கி. அதைப் பனி மூடினால் கார்பன் மொனொக்சைட் வீட்டுக்குள் தேங்கும். வாசலை வழிக்கத் தொடங்குமுன் அதைத்தான் முதலில் பாருங்கள்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் விழலாம். காயம்பட்டால், வலி தணிந்த பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள். மாநகரசபையின் நடைபாதையில் விழுந்தால் 10 நாட்களுக்குள்ளும், தனியார் இடத்தில் விழுந்தால் 2021 இல் வந்த திருத்தத்தின்படி 60 நாட்களுக்குள்ளும் எழுத்தில் அறிவிக்கவேண்டும். இல்லையேல் நட்டஈடு கேட்பதே கடினமாகிவிடும். விழுந்த இடத்தை அன்றே படம் எடுத்துவையுங்கள். மறுநாள் அங்கே அந்த ஐஸ் இராது.

பங்குனியில் மழையும் பனிக்கரைவும் ஒன்றாக வரும் நாட்களில், வீதியோரத்து வடிகால் வாய் எங்கே இருக்கிறது என்று தேடி அதன் மேல் கிடக்கும் குவியலை விலக்கிவிடுங்கள். இலையுதிர்காலத்திலேயே அதன் இடத்தைப் பார்த்து வைத்திருந்தால் நல்லது. பனிமேட்டுக்கு அடியில் அதைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. அந்தத் தண்ணீர் வடிய வழியில்லாவிட்டால், அடுத்ததாக அது தேடி வருவது நீங்கள் படுத்திருக்கும் நிலக்கீழ் அறையைத்தான்.