பழைய மரத்தில் அலங்காரப் பொருள்: வேலையைக் கெடுக்கும் தவறுகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில், இடிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் நிலைகளும் கதவுகளும் விற்பனைக்குக் கிடக்கின்றன. அவற்றுள் பல, பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தேக்கு. அத்தகைய மரத்தில் ஒரு துண்டை வாங்கிச் சுவர்ப் பலகையாகவோ கண்ணாடிச் சட்டமாகவோ மாற்ற முனைபவர்கள் பலரும் அதைப் புதுப் பலகையைப் போலவே கையாளுகிறார்கள். கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது.

மரத்தை எடுத்தவுடன் இழைப்புளி ஓட்டுவது பெருந்தவறு. பல ஆண்டு வெளிச்சமும் புகையும் கைபட்ட எண்ணெய்ப்பசையும் ஏற்றிய நிறம் மேற்பரப்பில் மெல்லிய படலமாக மட்டுமே இருப்பதால், இரண்டு முறை இழைத்தாலே அது போய்விடும். அதன்பின் கடைக்குப் போய்ப் பழமைத் தோற்றம் தரும் சாயம் வாங்கி வந்து பூசுகிறவர்களும் உண்டு! தூரிகையால் தூசியைத் தட்டி, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, சிலாம்பு குத்தும் ஓரங்களை மட்டும் 220 எண் உப்புத்தாளால் தேய்த்தால் போதும்.

பழைய பெயின்ட் ஒட்டியிருந்தால் உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. வீட்டு பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்னும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும், அதன் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைக் காகிதத்தில் சேர்த்து அகற்ற வேண்டும்.

வாங்கும்போது பலரும் பார்க்காமல் விடுவது, வண்டு அரித்த உளுப்பை. குண்டூசித் தலையளவு துளைகள் பழையனவாக இருக்கலாம். ஆனால் பலகையைக் கறுப்புத் தாளின் மேல் சில வாரம் வைத்து, புதிய மாவு உதிர்ந்திருந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். கைமரங்களில் சுவருக்குள் புதைந்திருந்த முனைகளை வெட்டிக் கழித்துவிடுவது நல்லது, ஈரமும் கறையானும் முதலில் பிடிப்பது அங்கேதான். ரம்பம் வைக்கும் முன் காந்தம் ஓட்டி ஆணி தேடுவதைச் சொல்லவே வேண்டியதில்லை.

எல்லாப் பழைய மரமும் வீட்டுக்குள் வரத் தக்கதன்று. ரயில் பாதையின் பழைய மரக்கட்டைகளில் கிரியோசோட் என்னும் நச்சுத் தார் எண்ணெய் ஊறியிருக்கக்கூடும். சரக்கு அடுக்கும் மரத்தட்டுகளின் (பாலெட்) பலகைகளில் எச்.டி. (HT) என்ற முத்திரை வெப்பத்தால் பதப்படுத்தியதையும், எம்.பி. (MB) என்பது மெத்தில் புரோமைடு என்னும் நச்சு வாயுவால் புகையூட்டியதையும் குறிக்கும், பின்னதைத் தவிர்க்கலாம்.

மரம் மழைக்காலத்தில் அகலவாட்டில் விரிந்து கோடையில் சுருங்கும், நீளவாட்டில் அநேகமாக மாறாது. இதை மறந்து, அகலப் பலகைக்குப் பின்னால் குறுக்குச் சட்டத்தைப் பசையிட்டு ஆணியால் இறுக்கினால், அடுத்த கோடையில் பலகை வெடிக்கும். பசையைத் தவிர்த்து, சட்டத்தில் திருகாணிக்கான துளையைச் சட்டத்தின் நீளவாட்டில் நீண்டிருக்கும்படி துளைத்தால் பலகை நகர இடம் கிடைக்கும்.

இறுதியில் ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்கள், பூசிய துணியைச் சுருட்டி மூலையில் எறியக் கூடாது. எண்ணெய் காற்றில் உலரும்போது வெளிவரும் வெப்பம் சுருளுக்குள் தேங்கி, துணி தானாகவே தீப்பற்றக்கூடும். அதை வெளியில் விரித்துக் காயவிட வேண்டும், அல்லது தண்ணீர் நிரம்பிய தகர டப்பாவில் முக்கி மூடிவைக்க வேண்டும்.