வேலூரிலிருந்து காவலூர் தொலைநோக்கிக்கு: பஸ்ஸில் போய்த் திரும்பும் வழி

ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானாய்வு மையத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் காரில் போய் வந்தவர்கள். வளைவுகள், பசுமை, மேகம் என்று நான்கு பத்தி எழுதிவிட்டு, கடைசியில் ‘வாணியம்பாடியிலிருந்து பஸ் வசதியும் உண்டு’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். உண்மைதான், பஸ் உண்டு. ஆனால் அந்த பஸ் நம்மைக் கொண்டுபோய் விடுகிற நேரம் ஒன்று, வானத்தில் நட்சத்திரம் தெரிகிற நேரம் வேறு. காரில்லாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒரே ஒரு விதியை முதலில் மனதில் வையுங்கள். திரும்பி வரும் வழியை முடிவு செய்த பிறகுதான் புறப்படும் நேரத்தைப் பார்க்க வேண்டும். போவது எளிது, வருவதுதான் வித்தை.

முதல் படி: நாள் பார்ப்பது

பொதுமக்களுக்கான நாள் சனிக்கிழமை. பகலில் தொலைநோக்கிக் கூடங்களைச் சுற்றிப் பார்க்கலாம். இருட்டிய பிறகு, வானம் தெளிவாக இருந்தால், சிறிய தொலைநோக்கி ஒன்றின் வழியாக வானத்தைக் காட்டுவார்கள். மையத்தை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் இணையதளத்தை அந்த வாரமே ஒருமுறை பார்த்துவிடுங்கள். நேர மாற்றம் இருந்தால் அங்கே தெரிந்துவிடும். பள்ளிக் குழந்தைகளைக் கூட்டமாக அழைத்துப் போவதென்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

எந்தச் சனிக்கிழமை? வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டி போதும், செயலி எதுவும் வேண்டாம். வளர்பிறை சப்தமி, அஷ்டமியை ஒட்டி வருகிற சனிக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். அரை நிலவு மாலையிலேயே உச்சியில் இருக்கும். வெளிச்சமும் இருளும் சந்திக்கிற கோட்டில் பள்ளங்களின் விளிம்பு கத்தியால் கீறியதுபோல் தெரியும். பௌர்ணமி நிலவு தொலைநோக்கியில் வெறும் வெள்ளைத் தட்டு. போதாததற்குப் பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டம் வேறு. வேலூர் பஸ் நிலையத்தில் திருவண்ணாமலை வண்டிகளைச் சுற்றி நிற்கிற நெரிசலில் நம் வண்டியைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம், மழை. தை முதல் பங்குனி வரை நல்ல காலம். தை மாதமென்றால் ஸ்வெட்டர் அவசியம். காவலூர் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பொழுது சாய்ந்ததும் குளிர் இறங்கிவிடும்.

இரண்டாம் படி: வேலூர் – வாணியம்பாடி

இதில் சொல்ல அதிகமில்லை. வேலூர் புதிய பஸ் நிலையத்தில் திருப்பத்தூர் வண்டி ஏறுங்கள். பெங்களூர் வண்டி வேகம்தான், ஆனால் புறவழிச்சாலையில் போகிற வண்டி நம்மை ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து பஸ் நிலையத்துக்கு ஆட்டோ. மிச்சமான நேரமும் போய்விடும், காசும் போய்விடும். எந்த வண்டியானாலும் ஏறும் முன், ‘வாணியம்பாடி பஸ் நிலையத்துக்கு உள்ளே போகுமா?’ என்று நடத்துநரிடம் கேட்டுவிடுங்கள். ‘வாணியம்பாடி போகுமா?’ என்று மட்டும் கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

காட்பாடிப் பக்கம் இருப்பவர்களுக்கு ரயிலும் உண்டு. வாணியம்பாடியில் எல்லா எக்ஸ்பிரஸும் நிற்பதில்லை என்பதால் போகும்போது நான் பஸ்ஸையே விரும்புகிறேன். வரும்போது ரயில்தான். காரணம் பின்னால் வருகிறது.

வழியில் ஆம்பூர் வரும். பிரியாணிக்கு இறங்கத் தோன்றும். இறங்காதீர்கள். பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் முடித்துவிட்டு அடுத்த வண்டி பிடிப்பதற்குள் மதியம் கரைந்துவிடும். வாணியம்பாடியிலும் பிரியாணிக்குக் குறைவில்லை. ஆம்பூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

மூன்றாம் படி: ஆலங்காயம், அங்கிருந்து மலை

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயத்துக்கு வண்டிகள் உண்டு. வேலூரிலிருந்தே ஆலங்காயம் என்று பலகை போட்ட வண்டி கண்ணில் பட்டால் யோசிக்காமல் ஏறிவிடுங்கள். ஆலங்காயத்தில் காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகிற வண்டியைக் கேளுங்கள். நடத்துநரிடம் டெலஸ்கோப் பார்க்கப் போகிறோம் என்று சொன்னால் போதும், இறக்கிவிடுவார்.

ஆலங்காயத்தில் வண்டி மாறும் இடத்தில் அவசரப்படாமல் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். இந்தப் பயணத்தின் முக்கியமான வேலை இங்கேதான் நடக்க வேண்டும்.

நான்காம் படி: திரும்பும் வண்டியை ஆலங்காயத்திலேயே பேசுவது

மலைப்பாதையில் பஸ் என்பது அந்த ஊர்க்காரர்களின் வேலைக்கும் சந்தைக்கும் ஏற்ப ஓடுவது. இருட்டிய பிறகு சனிக் கோளைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்குகிறவர்களை நினைத்து யாரும் அட்டவணை போடவில்லை. வானம் காட்டி முடிக்கிற நேரத்தில் வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் சாலையில் இருட்டு மட்டும்தான் இருக்கும்.

ஆகவே இரண்டில் ஒன்றை முடிவு செய்யுங்கள். பகல் பயணம் மட்டும் போதுமென்றால், கூடங்களைப் பார்த்துவிட்டு மாலை வண்டியில் இறங்கிவிடலாம். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று நீங்கள் ஏறி வந்த வண்டியின் நடத்துநரிடமே கேளுங்கள், ஒரு வண்டி முன்னதாகவே ஏறிவிடுங்கள். இரவு வானமும் வேண்டுமென்றால் ஆலங்காயத்தில் ஓர் ஆட்டோவை, ஆளதிகமென்றால் வேனை, பேசி வைத்துவிட்டுத்தான் மலை ஏற வேண்டும்.

பேசும்போது நான்கு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். வாடகை என்பது காத்திருப்பையும் சேர்த்தா, சேர்க்காமலா? மேகம் மூடி நிகழ்ச்சி சீக்கிரம் முடிந்துவிட்டால் என்ன கணக்கு? எந்த ஊர் வரை கொண்டுபோய் விடுவார்? நான்காவதுதான் பலர் விட்டுவிடுவது: எங்கே, எத்தனை மணிக்கு வந்து நிற்பார்? ‘முடிந்ததும் போன் செய்கிறேன் அண்ணா’ என்ற பேச்சு இங்கே உதவாது. மலையில் சிக்னலை நம்பி இரவுப் பயணம் திட்டமிடக் கூடாது. மையத்தின் வாசல், இத்தனை மணி என்று கடிகாரக் கணக்கில் பேசுங்கள். முன்பணமாக ஒரு சிறு தொகை கொடுத்துவிட்டால் இரு பக்கமும் நிம்மதி.

ஒரு யோசனை: ஓட்டுநரை மாலையிலேயே வரச் சொல்லி, அவரையும் வானம் பார்க்க உள்ளே அழைத்துப் போங்கள். நாங்கள் பேசிய அண்ணன் பல வருடங்களாக அந்தச் சாலையில் சவாரி ஓட்டுகிறவர், ஒருமுறைகூட உள்ளே வந்ததில்லையாம். வியாழனைச் சுற்றி ஒரே கோட்டில் நின்ற நான்கு புள்ளிகளும் நிலாக்கள் என்றதும் கண்ணை எடுத்துவிட்டு வெறும் வானத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி நின்றுகொண்டார். காத்திருப்புக் கூலி என்ற பேச்சே எழவில்லை.

ஐந்தாம் படி: உள்ளே

வீட்டுக் குழந்தைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: பெரிய தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்க்க முடியாது, அது ஆய்வுக்கானது. 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி கொண்ட அந்தத் தொலைநோக்கியை 1986 ஜனவரியில் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கிவைத்தார். இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்த வானியலாளர் வைணு பாப்பு 1982-லேயே காலமாகிவிட்டார். தொலைநோக்கிக்கும் மையத்துக்கும் அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். வட ஆற்காடு மாவட்டமாக இருந்த காலத்தில், 1968-ல், 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு இங்கே வேலை தொடங்கியது. இப்போது ஊர் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது.

எல்லோரும் பெரிய கூடத்துக்கே ஓடுவார்கள். ஒரு மீட்டர் தொலைநோக்கியின் கூடத்தையும் கேட்டுப் பாருங்கள் என்பேன். 1972-ல் நிறுவியது. யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் இருப்பது 1977-ல் தெரியவந்தபோது, அந்தக் காட்சியைப் பதிவு செய்த தொலைநோக்கிகளில் இதுவும் ஒன்று. கோள் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் முன்பே அந்த நட்சத்திரத்தின் ஒளி சற்று மங்கி மீண்டது, அதுதான் தடயம்.

டார்ச் எடுத்துப் போங்கள், ஆனால் கண்ணாடிமேல் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொள்ளுங்கள். வானம் காட்டும் இடத்தில் கைபேசித் திரையை ஒளிரவிட்டால் வரிசையில் இருக்கும் எல்லோரின் கண்ணும் கெடும். இருட்டுக்குப் பழகக் கண்ணுக்கு 20 நிமிடமாவது வேண்டும்.

ஆறாம் படி: கீழே இறங்கி வேலூர்

ஆட்டோவை வாணியம்பாடிக்கு விடச் சொல்லுவதுதான் பலரின் வழக்கம். நான் ஜோலார்பேட்டைக்குப் போகச் சொல்வேன். நள்ளிரவில் புறவழிச்சாலையில் நின்று வேக வண்டிகளுக்குக் கை காட்டுவதைவிட, விளக்கும் தேநீரும் ஆள் நடமாட்டமும் உள்ள சந்திப்பு நிலையத்தில் காத்திருப்பது மேல். சென்னைப் பக்கம் போகிற இரவு ரயில்கள் பல அங்கே நின்று காட்பாடி வருகின்றன. எந்த ரயில், எத்தனை மணிக்கு என்பதை வீட்டிலேயே காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஆட்டோ நேரத்தை அதற்கேற்பப் பேசலாம்.

பின்சேர்க்கை

இதைப் படித்த சிலர் கேட்டவை. ஜமுனாமரத்தூரில் தங்கிவிட்டு மறுநாள் வரலாமா? வரலாம், ஆனால் அறையைக் கிளம்பும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். இரவு அங்கே போவதற்கும் ஆட்டோவோ வேனோ பேசத்தான் வேண்டும். மறுநாள் காலை போளூர் வழியாக இறங்கினால் வந்த வழியிலேயே திரும்ப வேண்டியதில்லை, சாமையும் தேனும் வாங்கிக்கொண்டு வரலாம்.

வயதான அம்மாவை அழைத்துப் போகலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். பகல் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். மலை வளைவில் பஸ்ஸின் பின் இருக்கை தூக்கிப் போடும், ஆலங்காயத்தில் வண்டி கிளம்பும் இடத்திலேயே ஏறி முன் இருக்கையைப் பிடித்துவிடுங்கள். சாப்பாடும் தண்ணீரும் ஆலங்காயத்திலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.